வானத்தைக் காட்டும் மாளிகை

'ஃபலக்' என்றால் வானம். 'நுமா' என்றால் காட்டுவது. முன்னது அரபுச் சொல், பின்னது பார்ஸி. இரண்டும் இணைந்த 'ஃபலக்நுமா' என்னும் பெயருக்கு வானத்தைக் காட்டுவது என்றும், வானம் போன்றது என்றும் பொருள் கூறுவர். ஹைதராபாத் நகரில் சார்மினாருக்குத் தெற்கே, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் உச்சியில் அமர்ந்திருக்கும் அரண்மனைக்கு இப்பெயரைச் சூட்டியவர் நல்ல சொல்லறிவு உடையவராகவே இருந்திருக்க வேண்டும். நகரத்தின் எந்த மூலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே அது வெண்மேகம் போல் தெரிந்திருக்கும், மாடிக் கட்டடங்கள் மறைக்காத அந்தக் காலத்தில்.

இன்று அம்மாளிகை தாஜ் குழுமம் நடத்தும் தங்கும் விடுதி. அறைகள் 60. பணம் செலுத்தக் கூடிய எவரும் ஓர் இரவு தங்கலாம். 'செலுத்தக் கூடிய' என்னும் சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். அங்கே ஓர் இரவுக்கான வாடகை, நம் ஊர் மதரஸா உஸ்தாது ஒருவரின் சில மாதச் சம்பளத்துக்கு ஈடாகும். அப்படியிருந்தும் கடந்த ஆண்டு அங்கே ஓர் இரவு தங்கும் வாய்ப்பு இவ்வெளியவனுக்குக் கிட்டியது. அது எவ்வாறு கிட்டியது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அம்மாளிகையின் வரலாற்றைக் கேளுங்கள்.

ஹைதராபாத் சமஸ்தானத்தில் நிஜாமுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட குடும்பம் பைகா குடும்பம். நிஜாமுக்காகக் குதிரைப் படை வைத்துக் காப்பது அவர்களின் கடமை. அக்கடமைக்கு ஈடாக ஏராளமான கிராமங்கள் அவர்களுக்கு ஜாகிராக விடப்பட்டிருந்தன. அக்குடும்பத்தில் வந்தவர் நவாப் விகாருல் உமரா. ஆறாம் நிஜாம் மஹபூப் அலீகானின் சகோதரியை மணந்தவர். 1893 முதல் 1901 வரை சமஸ்தானத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். அவர் 1884 மார்ச் 3ஆம் நாள் இம்மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். வரைபடம் தந்தவர் வில்லியம் வார்ட் மாரெட் என்னும் ஆங்கிலேயர். கட்டி முடித்து, உள்ளே அலங்கரித்து நிறைவு செய்ய ஒன்பது பத்து ஆண்டுகள் பிடித்தன. அக்காலத்து 40 இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்று சொல்லப்படுகிறது. ஒரு ரூபாய்க்கு அன்று எத்தனை படி அரிசி என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்தவர்களுக்கு அத்தொகையின் கனம் விளங்கும்.

கட்டடக் கலை பயின்றோர் இதனைப் பல பாணிகளின் கூட்டு என்பர். முகப்பில் இத்தாலிய நாட்டு மாளிகைகளின் சாயலில் வரிசையான தூண்கள். இத்தாலியச் சலவைக்கல் படிக்கட்டுகள். ஆங்காங்கே இங்கிலாந்தின் ட்யூடர் காலத்துச் சாயல். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். நூலகத்தின் மரக் கூரை, விண்ட்ஸர் கோட்டையில் உள்ள கூரையைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பர். இவ்வளவும் முன்பக்கம். பின்பக்கம் சென்றால் பெண்டிர் வாழ்ந்த ஸனானா மஹல். அங்கே தூண்களும் வளைவுகளும் முகலாய, இராஜபுத்திரப் பாணிக்கு மாறிவிடுகின்றன. மேலிருந்து நோக்கினால் முழுக் கட்டடமும் தேள் வடிவில் தோன்றும். இருபுறச் சிறகுகளும் கொடுக்குகள் போல் விரிந்திருக்கும்.

இனி நான் சென்ற கதை. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ரியாதில் வேலை பார்க்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் செல்லும் சாலையில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார். அவருடைய அத்தா கொத்தனார். எழுபது வயதைக் கடந்தவர். எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கும், இரண்டு பள்ளிவாசல்களுக்கும் கரணை பிடித்த கை அது. அவர் மட்டும் இன்றளவும் இருப்பது நாட்டு ஓட்டு வீட்டில். மகன் விடுமுறையில் வந்தபோது, "ஊருக்கெல்லாம் வீடு கட்டிய அத்தாவை ஓர் அரண்மனையில் ஒரு நாள் தங்க வைக்க வேண்டும், ஹஜ்ரத். நீங்களும் உடன் வர வேண்டும்" என்றார். அன்பின் மிகுதியால் சொன்னார் என்பதில் ஐயமில்லை. கைப்பேசியில் அவர் காட்டிய வீட்டின் வரைபடத்தைக் கண்ட பிறகே, அன்போடு வேறொன்றும் அதில் கலந்திருந்தது விளங்கியது. ஃபலக்நுமாவின் முகப்புப் படிக்கட்டைப் போல் தம் வீட்டு வாசலில் இருபுறமும் வளைந்தேறும் படிக்கட்டு அமைக்க அவர் எண்ணியிருந்தார். அத்தா அதனை நேரில் பார்த்து அளவெடுத்துக் கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம்.

தாம்பரத்தில் மாலையில் சார்மினார் விரைவு வண்டி ஏறி மறுநாள் காலை ஹைதராபாதில் இறங்கினோம். குன்றின் அடிவாயிலில் நம் வாகனத்தை விட்டு, விடுதியாரின் குதிரை வண்டியில் ஏற்றி மேலே கொண்டு செல்கிறார்கள். வாசற்படியில் கால் வைத்ததும் மாடத்திலிருந்து ரோஜா இதழ்களைத் தூவுகிறார்கள். தம் வாழ்நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்தன்று ஒரு முறையே பூச்சொரியப் பெற்ற அம்முதியவர், சட்டையில் விழுந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, கீழே போட மனமின்றிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டார்.

அரண்மனை வரலாற்றை எடுத்துரைத்துச் சுற்றிக் காட்டுவதற்கென்றே அங்கு ஒருவர் இருக்கிறார். அவரைப் பின்தொடர்ந்து சென்றோம். சலவைக்கல் படிக்கட்டின் இருபுறமும் விளக்கேந்திய கற்சிலைகள். சுவரில் இந்தியாவை ஆண்ட ஆங்கிலத் தலைமை ஆளுநர்களின் படங்கள். மாணவர் கைப்பேசியில் படம் எடுத்தவண்ணம் இருந்தார். பெரியவர் எதையும் தொடாமல், சுவரோரம் தலையைச் சாய்த்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது போல் ஒற்றைக் கண்ணால் மேலும் கீழும் பார்த்தார். "நூல் பிசகவில்லை" என்று மட்டும் சொன்னார். நூற்றுமுப்பது ஆண்டுக்கு முற்பட்ட ஒரு தொழிலாளிக்கு இன்னொரு தொழிலாளி தந்த நற்சான்று அது. வழிகாட்டி மன்னர்களின் பெயர்களையும் விருந்தினர்களின் பெயர்களையும் சரளமாகச் சொன்னார். கொத்தனார்களின் பெயர் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை.

ஸனானா மஹல் பக்கம் வந்தபோது பெரியவர் நின்றுவிட்டார். "ஹஜ்ரத், இது இரண்டு பேர் கட்டிய வீடு போலல்லவா இருக்கிறது? முன்னால் துரைமாருக்கு ஒரு வீடு, பின்னால் இவர்களுக்கு ஒரு வீடு" என்றார். கல்லூரியில் மூன்றாண்டு வரலாறு படித்த எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது. அன்றைய ஹைதராபாத் பிரபுவுக்கு இரண்டு அரசவைகள். ஒன்று நிஜாமின் தர்பார். மற்றொன்று ஆங்கிலேய ரெஸிடெண்டின் மாளிகை. வந்து போகும் துரைமாருக்குத் தம் நாட்டு மாளிகையில் இருப்பது போன்ற எண்ணம் முன்பக்கத்தில் உண்டாக வேண்டும். தாயும் மனைவியும் மக்களும் தாம் பழகிய வளைவுகளுக்குக் கீழே பின்பக்கத்தில் வாழ வேண்டும். பாணிகளின் கூட்டு என்று நூல்கள் அழகாகக் குறிப்பிடுவதற்குள் இப்படியொரு மனிதனின் இருதலைக் கொள்ளி நிலை அடங்கியிருக்கிறது. நம் வீடுகளிலும் வருபவருக்கென்று ஒரு கூடமும், வாழ்பவருக்கென்று ஓர் அடுக்களையும் உண்டு. எதற்கு அதிகம் செலவிடுகிறோம் என்று கணக்குப் பார்த்தால் நாமும் சிறிய அளவில் விகாருல் உமராக்களே.

விருந்து மண்டபத்தில் 101 பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ணும் நீண்ட மேசை இருக்கிறது. அதன் ஒரு முனையில் மெல்லப் பேசினால் மறுமுனையில் கேட்கும் என்று சொல்லி, பேசியும் காட்டினார்கள். 2017 நவம்பரில் அமெரிக்க அதிபரின் மகளுக்கு நம் பிரதமர் விருந்தளித்தது இங்குதான். அந்த மேசையருகே நின்றுகொண்டு பெரியவர் வழிகாட்டியிடம் கேட்ட கேள்வியை மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தயங்கினார். கேள்வி இதுதான்: "இவரும் ஜாகிர்தார்தானே? இவ்வளவுக்கும் வரி கொடுத்தவர்கள் யார்?"

இக்கேள்வி அவருக்கு எங்கிருந்து பிறந்தது என்பதை எங்கள் பகுதியினர் அறிவர். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில், நாடு விடுதலை பெற்ற பின்னரும் மூன்று ஜாகிர்கள் இருந்தன. மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தார்களுக்கு வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்து வந்தனர். ஹைதராபாதின் ஜாகிர்கள் 1949இல் ஒழிக்கப்பட்டன. எங்கள் மலையின் ஜாகிர்களை அரசு 1976இல்தான் எடுத்துக் கொண்டது. அதன் பின்னர் வெள்ளிமலையில் அரசுக் கட்டட வேலைக்குச் சாந்து குழைக்கப் போனவர்களில் இப்பெரியவரும் ஒருவர். கூலியைக் கையில் வாங்கிய மலைவாசி ஒருவர், மாலையில் அதனைத் திருப்பிக் கேட்க யாரேனும் வருவார்களோ என்று இருட்டும் வரை வேலை நடந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். இதனைப் பெரியவர் எங்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறார். தெலுங்கானாவில் கூலியில்லா உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர். நாமும் பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். 1946 முதல் 1951 வரை அம்மண்ணின் உழவர்கள் நடத்திய போராட்டத்தில் இச்சொல்லும் ஒரு காரணம்.

வழிகாட்டி நாகரிகமாகப் புன்னகைத்து அடுத்த அறைக்கு நடந்தார். அடுத்த அறையில் அவர் சொன்ன செய்தியோ பெரியவரின் கேள்விக்கு வேறொரு வகையில் விடையாக அமைந்தது. இவ்வளவு பெரிய ஜாகிரின் வருவாயும் இம்மாளிகைக்குப் போதவில்லை. நவாப் கடனில் மூழ்கினார். அப்போது வழி சொன்னவர் அவருடைய துணைவியார். "நிஜாமை விருந்துக்கு அழையுங்கள்; மாளிகையை அவருக்கே அளித்துவிடுங்கள்" என்பது அவ்வம்மையாரின் யோசனையாம். விருந்துக்கு வந்த நிஜாம் சில நாள் தங்க எண்ணி வந்தவர், வாரங்களை நீட்டித்துக்கொண்டே போனார். மாளிகை அவருக்குப் பிடித்துவிட்டது என்பதை அறிந்த நவாப் அதனைக் காணிக்கையாக்கினார். நிஜாமும் சும்மா பெற்றுக்கொள்ளாமல் ஈடாகப் பெருந்தொகை அளித்தார். 1897இல் மாளிகை கை மாறியது. விருந்து பற்றிய விவரங்கள் ஹைதராபாதில் சொல்லப்படும் கதை. கை மாறியது வரலாறு. பத்தாண்டு பாடுபட்டு எழுப்பிய மாளிகையில் அதன் சொந்தக்காரர் அதற்குப்பின் பத்தாண்டு வாழவில்லை.

தமிழகத்து முஸ்லிம்களாகிய நமக்கு இது புதிய கதையா? சென்னைக் கடற்கரைச் சாலையில் நிற்கும் சேப்பாக்கம் அரண்மனையைப் பாருங்கள். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1768இல் அங்கு குடியேறினார். கும்பெனி அதிகாரிகளிடம் அவர் வாங்கிய கடன்கள் இலண்டன் பாராளுமன்றத்தில் 1785இல் எட்மண்ட் பர்க் எழுந்து பேசும் அளவுக்குப் பெயர் பெற்றவை. கடன் கொடுத்தவர்களுக்குக் கிராமங்களின் வரிவசூலையே ஈடாக எழுதிக் கொடுத்தார் நவாப். கள்ளக்குறிச்சி அடங்கிய தென்னாற்காட்டுச் சீமையும் அவர் ஆட்சிப் பகுதிதான். 1801இல் ஆட்சி கும்பெனிக்குப் போயிற்று. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தபோது பட்டமும் போயிற்று. அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குச் சென்றது. ஃபலக்நுமாவில் ஒரு பெண்ணின் சொல் கேட்கப்பட்டதால் மானத்தோடு முடிந்த கதை, சேப்பாக்கத்தில் ஏலத்தில் முடிந்தது.

ஃபலக்நுமாவின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிஜாம் மஹபூப் அலீகான் 1911இல் அங்கேயே காலமானார். அவர் மகன் உஸ்மான் அலீகான் உலகப் பெருஞ்செல்வர் என்று பெயர் பெற்றவர். ஆனால் அவர் எளிய வாழ்க்கை வாழ்ந்தது கிங் கோட்டியில். ஃபலக்நுமா விருந்தினர் மாளிகையாயிற்று. 1951இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் வந்து தங்கிய பின், குறிப்பிடத்தக்க விருந்தினர் எவருமின்றிப் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. மீண்டும் அதற்கு உயிர் கொடுத்ததிலும் ஒரு பெண்மணியின் பங்கு பெரிது. நிஜாம் குடும்பத்து மருமகளாக வந்த இளவரசி எஸ்ராவின் மேற்பார்வையில் பத்தாண்டுக் காலம் பழுது பார்க்கப்பட்டு, 2010 நவம்பரில் விடுதியாகத் திறக்கப்பட்டது.

அன்றிரவு எங்கள் அறையில் கூடுதல் கட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். மெத்தையின் மென்மை ஒத்துவராமல் பெரியவர் தரைவிரிப்பில் படுத்துக் கொண்டார். விளக்கை அணைத்த பின் மகனிடம் மெல்லக் கேட்டார்: "படிக்கட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டிருக்கிறாய்?" மகன் ஒரு தொகை சொன்னார். "மாடிக்கு?" அதற்கும் ஒரு தொகை. அதுவரை நான் அறியாத செய்தி, அத்தொகைகளில் பாதிக்கு மேல் வங்கிக் கடன் என்பது. வட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. என்னிடம் பாடம் கேட்டவர் அவர். நான் சொல்லக் கூடியது அவருக்கும் தெரியும். இருட்டில் என் மௌனமே அவருக்குக் கேட்டிருக்கும். பெரியவர்தான் பேசினார். "ரமலானுக்கு முன்னாலேயே உன் பெண்டாட்டி சொன்னாளே தம்பி, மாடி இப்போது வேண்டாம், நீங்கள் ஊரோடு வந்துவிடுங்கள் என்று. அந்தப் பிள்ளை பேச்சை நீ கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை."

மகன் மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் யாரும் உறங்கவுமில்லை.

வைகறையில் மாடத்துக்கு வந்து நின்றோம். கீழே நகரம் இன்னும் விளக்குகளோடு கிடந்தது. ஒரு பள்ளிவாசலில் தொடங்கிய பாங்கோசை மற்றொன்றுக்குத் தாவி, பிறகு எண்ண முடியாதபடி எல்லாத் திசைகளிலிருந்தும் குன்றை நோக்கி ஏறி வந்தது. அந்த ஓர் அனுபவத்துக்கு மட்டும் வாடகை தகும் என்று எனக்குத் தோன்றியது. கீழே குடிசையில் இருப்பவருக்கும் அதே ஓசை கட்டணமின்றிக் கேட்கிறது என்று பெரியவர் திருத்தினார்.

அறையைக் காலி செய்த பின் நண்பகல் தொழுகைக்கு பேகம்பேட்டையில் உள்ள ஸ்பானியப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். அதுவும் விகாருல் உமரா தொடங்கியதே. ஸ்பெயின் நாட்டுக்குச் சென்று வந்தவர், கொர்தோவா பள்ளிவாசலின் நினைவில் தொடங்கினார் என்பர். அவர் மறைவுக்குப் பின் 1906இல் அது நிறைவுற்றது. வழக்கமான மினாராக்கள் இல்லை. எண்கோண ஊசிக் கோபுரங்கள். புதிதாகப் பார்ப்பவர் தேவாலயமோ என்று ஐயுறுவர். அங்கே முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாட்டைப் பெரியவர் தேடிப் பார்த்தார், காணவில்லை. ஒளூச் செய்யும் இடத்தில் தண்ணீர் வடியும் சாய்வு மிகச் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார்.

ஊர் திரும்பிய மறுவாரம் மாணவரின் வீட்டு வேலை நடக்கும் இடத்துக்குச் சென்றிருந்தேன். வாசலுக்கு வாங்கி வைத்திருந்த அச்சுத் தூண்கள் ஆறில் நான்கைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வளைவுப் படிக்கட்டுக்குப் போட்ட அடித்தளத்தின் மேல் ஒரு திண்ணை எழும்பிக் கொண்டிருந்தது. கீழ்த்தளத்துக்கு கான்கிரீட் போட்டு முடித்திருந்தனர். மாடிக்கென்று தளத்துக்கு மேல் நீட்டி விட்டிருந்த கம்பிகளை அறுத்துவிடலாமா என்று மகன் கேட்டதற்கு, பெரியவர் வேண்டாம் என்றாராம். நான் போனபோது அவர் தளத்தின் மேல் குந்தி உட்கார்ந்து, துருப் பிடிக்காமலிருக்க அக்கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசிக் கொண்டிருந்தார்.